அவருக்கு நான் என்ன முறை

அவரை நான் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது ஒரு தடவை. நிச்சயத்துக்கு வெற்றிலை கைமாறிய அன்று ஒரு தடவை. அப்புறம் வட்டக்கோட்டையில். ராணுவத்தின் டாங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்தார். வயது இருபத்து நான்கு. தை மாதம் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அதற்குள் போர் வந்துவிட்டது, வங்கதேசம் பிறந்த அந்தப் போர். மேற்கு எல்லையில் எங்கோ ஓர் ஆற்றங்கரையில் அவர் இறந்துபோனார்.

எனக்கு அப்போது இருபது. இப்போது எழுபது தாண்டிவிட்டது. வேறொருவரைக் கல்யாணம் செய்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளையும் பார்த்தாயிற்று. இத்தனை காலத்தில் அவரைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. எந்த உரிமையில் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

வட்டக்கோட்டைக்குப் போனது அவருடைய அக்காவின் ஏற்பாடு. "ரெண்டும் ஒரு வார்த்த பேசிக்கிடட்டும் மாமா" என்று என் அப்பாவிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். துணைக்கு என் அண்ணனும் வந்தான். நாலு பேரும் வாடகைக் காரில் போனோம். கடலோரக் கோட்டை, மதில்மேல் அப்படிக் காற்று. சேலைத் தலைப்பைப் பிடிக்கவே எனக்கு இரண்டு கையும் போதவில்லை. அக்கா கடலைக் காட்டுகிற சாக்கில் என் அண்ணனை அழைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். அக்காவை அன்று நான் மதினி என்று கூப்பிட்டேன். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

இவர் சும்மா இருக்கமாட்டாத ஆள். நான் கேட்காமலே டாங்கியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"உள்ள நாலு பேரு இருப்போம். வண்டி ஓட்டுகவன் ஒருத்தன், பீரங்கி சுடுகவன் ஒருத்தன், குண்டு எடுத்துப் போடுகவன் ஒருத்தன், பொறவு நான். வெயில் காலத்துல உள்ள இருந்தா அவிஞ்சு போவோம். எஞ்சின் மூடிமேல டப்பாவ வச்சா சோறு தானா சூடாயிரும்."

"பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கவனுக்குத்தான் பயம். அவனுக்கு வெளிய ஒண்ணும் தெரியாதுல்லா. நான்தான் தலைய வெளிய நீட்டிப் பாத்து அவனுகளுக்குச் சொல்லணும். பாக்கவனுக்குப் பயம் கொறைவு."

"தலைய உள்ள இழுத்துக்கிடக் கூடாதா?"

அவர் சிரித்தார். "இழுத்துக்கிட்டா வண்டி குழியில போய் விழும்."

காதில் மாட்டுகிற கருவி அழுத்தி அழுத்தி அவருடைய தலைமுடியில் ஒரு கோடு பதிந்திருந்தது. நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டார். கணக்கு என்றேன். "எனக்குக் கணக்குன்னா பேடி" என்றார். அன்று அவர் பயம் என்று ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. திரும்பும்போது காரில் அவர் முன்னால் உட்கார்ந்து டிரைவரோடு பேசிக்கொண்டே வந்தார். நான் பின்னால் இருந்து அந்தத் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பரில் தந்தி அவர்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, வருவதற்கு நாங்கள் யார். வடசேரிச் சந்தைக்குப் போன உறவுக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, வயலில் நின்ற அப்பாவிடம் சொன்னார். அப்பா அந்த நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர் இல்லை. கால்கூடக் கழுவாமல் சேறோடு நேராக அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா என்னிடம் வந்து கதவைச் சாத்தினாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு என் வாய்மேல் கையை வைத்தாள்.

"சத்தம் போட்டு அழாத மக்கா. அடுத்த வீட்டுக்குக் கேக்கும்."

அம்மா கெட்டவள் இல்லை. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். தாலி ஏறாத பெண் ஓர் ஆணுக்காகக் கதறினாள் என்று ஊரில் பேச்சு வந்தால், அடுத்து யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்பதுதான் அவள் பயம். அன்று மாலையே பெரியப்பாவை வரவழைத்து, நமக்குத் துட்டி உண்டா இல்லையா என்று கேட்டார்கள். சாவு வீட்டுக்காரர்கள் காக்கிற துக்கத்தை எங்கள் பக்கம் துட்டி என்பார்கள்.

"வெத்தல மாறினா மாத்திரம் போதுமா? தாலி ஏறல்லல்லா. துட்டி கெடையாது" என்றார் பெரியப்பா.

அதனால் எங்கள் வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அப்பா மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போய் முகம் காட்டிவிட்டு வந்தார். என்னை அழைத்துப் போகவில்லை. உடல் வரவில்லை என்றும், அங்கேயே எரித்துவிட்டார்கள் என்றும், சாம்பலும் ஒரு தகரப் பெட்டியும்தான் வரும் என்றும் அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த வருஷம் பொங்கலுக்கு அம்மா வாசலில் எப்போதும் போடுவதைவிடப் பெரிய கோலம் போட்டாள். ஊர் பார்க்கட்டும் என்றுதான். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். பால் பொங்கியபோது குரவை இட்டார்கள். நானும் இட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவருடைய அம்மா பஸ் ஏறித் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"வட்டக்கோட்டையில ஒங்கிட்ட என்ன பேசினான் பிள்ளே?"

நான் சொன்னேன். நாலு பேர் இருப்பது, சோறு சூடாவது, தலையை வெளியே நீட்டுவது, கணக்குக்குப் பயந்தது. கேட்டுவிட்டு, "பொறவு?" என்றார்கள். "அவ்வளவுதான் அத்த" என்றேன். "முதல்ல இருந்து ஒருக்கச் சொல்லு" என்றார்கள். மறுபடியும் சொன்னேன். பிள்ளை வீட்டில் பேசியதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். அவர்களுக்குத் தெரியாமல் மிச்சம் இருந்தது என்னிடம் பேசியது மட்டும்தான். அடுத்த மாதமும் வந்தார்கள், அதே கதையைக் கேட்டார்கள். அவர்கள் முன்னால் எனக்கு அழ முடிந்தது. எங்கள் வீட்டில் வேறு யார் முன்னாலும் அழ முடியவில்லை.

மூன்றாம் தடவை வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "பிள்ள இல்ல. அவ சித்தி வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள். நான் உள்ளேதான் இருந்தேன். அவர்கள் சரி என்று திரும்பி வெயிலில் நடக்கத் தொடங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மாவைத் தாண்டி ஓடினேன். "எங்கட்டி போற?" என்று அம்மா பின்னால் கேட்டாள். நான் நிற்கவில்லை.

தேரடிப் பக்கம் அவர்களைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பஸ் வரும்வரை கூடவே நின்றேன். பஸ் வருகிற நேரத்தில் என் கையைப் பிடித்தார்கள்.

"ஒங்கம்மாமேல தப்பில்ல மக்கா. நான் வந்துக்கிட்டே இருந்தா ஒனக்கு ஒரு வழி தெறக்காது. இனி வரமாட்டேன். எனக்கு ஓர்மையில இருக்கு, நீ சொன்னதெல்லாம்."

அப்படியே வராமல் இருந்தார்கள். எனக்கு வழி திறக்க ஐந்தாறு வருஷம் ஆயிற்று. ராசி இல்லாதவள் என்று பெயர் பரவியிருந்தது. இரண்டு மூன்று வீட்டார் வந்து பார்த்து, ஊரில் விசாரித்துவிட்டு அப்புறம் வரவில்லை. கடைசியில் தக்கலைப் பக்கத்திலிருந்து தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். எல்லாம் தெரிந்தே வந்தார். கல்யாணமாகி ஒரு வாரத்தில், "அவரப் பத்தி எதாவது சொல்லணும்னு தோணிச்சுன்னா சொல்லு" என்றார். சொல்ல ஒன்றுமில்லை என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவரோடு வாழ்ந்த வாழ்க்கையில் எனக்குக் குறை கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஒரு தடவைதான் அந்தப் பழைய விஷயம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது ராணுவ அதிகாரிகளுக்கான தேர்வு எழுதப்போகிறேன் என்றான். பள்ளிக்கூடத்தில் யாரோ ஆர்வம் ஊட்டியிருந்தார்கள். பிள்ளை எதைக் கேட்டாலும் யோசித்துச் சொல்கிறேன் என்கிற நான், அன்று யோசிக்கவில்லை. கூடாது என்றேன். ஏன் என்று கேட்டான். கூடாது என்றால் கூடாது என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. என் கணவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் பிறகு இன்ஜினியரிங் படித்துத் துபாய்க்குப் போனான். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்கிறான்.

இதற்கிடையில், போரில் இறந்த அவர் ஊருக்குப் பெருமையாகிக்கொண்டிருந்தார். அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர் எதிரியின் இரண்டு டாங்கிகளை நொறுக்கிவிட்டு வீழ்ந்தார் என்றாராம். அடுத்த சில வருஷங்களில் அது மூன்றாயிற்று, அப்புறம் ஐந்து. ஒரு சுதந்திர தினத்தன்று நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சிறப்பு விருந்தினர் ஒருவர் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் மற்ற டீச்சர்களோடு வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்தில் இருந்த டீச்சர், "நம்ம ஊர்க்காரராமே, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆனபோது, நாகர்கோவிலில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்று வைக்க ஏற்பாடு செய்தார்கள். அவருடைய அக்கா எனக்குப் போன் செய்தார். பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் அக்கா என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான். மதினி என்று கூப்பிட வாய் வராது.

"வீட்டுல நான் ஒருத்திதான் மிச்சம். தனியாப் போய் இருக்கக் கொள்ளாது. நீ வருவியா?" என்று கேட்டார்.

கணவரிடம் சொன்னேன். "போ. நானும் வாறேன்" என்றார்.

வாசலில் முகக்கவசம் போட்ட ஒரு பையன் நாற்காலிகளில் யார் யாரை உட்கார வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவை முன்வரிசைக்கு அழைத்தான். என்னைப் பார்த்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வர வேண்டியவ" என்றார். பையனுக்குப் புரியவில்லை. "அப்போ குடும்பமா, விருந்தினரா?" என்று கேட்டான். "குடும்பம்தான் மக்கா" என்றார் அக்கா. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் கணவர் தானாகவே நாலைந்து வரிசை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேடையில் ஐந்து டாங்கி என்றுதான் பேசினார்கள். கல்லில் எண்ணிக்கை இல்லை. எதிரி டாங்கிகள் பலவற்றை அழித்து வீரமரணம் எய்தியவர் என்று இருந்தது. திரையை விலக்கினார்கள், பிள்ளைகள் பாடினார்கள். முடிந்ததும் எங்களை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்துச் சாயா கொடுத்தார்கள். அங்கேதான் அந்தப் பெரியவர் வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து மகளோடு ரயிலில் வந்திருந்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கி, நின்றபடியே கும்பிட்டார். அதே டாங்கியில் குண்டு எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தவர் என்று சொன்னார்.

அக்கா அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என்னையும் கிட்டே இழுத்துக்கொண்டார். அந்த மனிதர் சாயாவைத் தொடவில்லை.

"மேடையில சொன்ன மாதிரி நடக்கலைம்மா" என்றார். "அன்னிக்கு நாங்க ஒரு குண்டுகூட சுடல. ஆத்தத் தாண்டினதும் வண்டி சேத்துல எறங்கிடுச்சு. டிரைவர் முன்னால எடுக்கறான், பின்னால எடுக்கறான், இன்னும் கீழதான் போவுது. சங்கிலி எவ்ளோ பொதஞ்சிருக்குன்னு யாராவது எறங்கிப் பாக்கணும். அது என் வேலை. நான் மூடியத் தெறந்துட்டேன். சார் என் தோளப் புடிச்சு அழுத்தினார். நீ இரு, நான் பாக்கறேன்னார். எறங்கிப் பின்னால போயி குனிஞ்சு பாத்துகிட்டிருந்தார். எங்கயோ இருந்து வந்த ஷெல்லு பக்கத்துல விழுந்துச்சு."

அக்கா தன் சாயாவைக் கீழே வைத்தார். பிறகு, "ஒடனே போயிட்டானா?" என்றார்.

அவர் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் இருந்தார்மா."

"ஏதாம் சொன்னானா?"

"வண்டிய விட்டு யாரும் எறங்காதீங்கடான்னார். நான் எறங்கிட்டேன். மடியில போட்டுகிட்டேன். அதுக்கப்புறம் பேச்சு வரல."

நானும் ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. வருவதற்கு நியாயமும் இல்லை.

அக்காவின் முகம் மாறியது. "அப்போ சேத்துலதான் கெடந்தானா? எங்கம்மை சாவுறது வரைக்கும் எம்பிள்ள அஞ்சு டாங்கிய ஒடச்சான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீரு இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீரு?"

"யார்கிட்டயாவது சொல்லணும்னு இத்தன வருஷமா இருந்தேன்மா. அவருக்குப் பதிலா நான் போயிருக்கணும்" என்றார் அவர்.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அங்கேயே இருந்தேன். நீங்கள் இறங்காததில் தப்பில்லை, அவர்தானே உங்களை இருக்கச் சொன்னார் என்று அந்த மனிதருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன். ஆனால் உள்ளே ஒரு குரல், நீர் இறங்கியிருக்கலாமே, உமது வேலைதானே என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் அவருடைய மகள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் இறங்கியிருந்தால் இந்தப் பெண் இல்லை. அது தெரிந்தும் அந்தக் குரல் அடங்கவில்லை. கடைசியில், "சாயா ஆறிப் போகுது, குடிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போன் நம்பரைச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். வந்ததும் என் கணவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவரே சாயா போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார். "இப்பமாவது சொல்லு" என்றார்.

சொன்னேன். வட்டக்கோட்டைக் காற்றிலிருந்து அந்த ஆற்றங்கரைச் சேறு வரைக்கும் எல்லாவற்றையும். அவருடைய அம்மா கேட்டதுபோல இவர் பொறவு பொறவு என்று கேட்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "நல்ல பையன்" என்றார். எழுபத்தேழு வயது மனிதர், இருபத்து நான்கு வயதில் நின்றுவிட்ட ஒருவரைப் பற்றி வேறு எப்படிச் சொல்ல முடியும். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இந்த வீட்டில் நான் சத்தம் போட்டு அழுதேன். அவர் எழுந்து போய் ஜன்னலையோ கதவையோ சாத்தவில்லை.

"அந்தப் பரீட்சை விஷயத்த மகன்கிட்ட ஒரு நாள் சொல்லிரு" என்றார் பிறகு. சரி என்றேன். இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போன் வரும்போது பேரன் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். உனக்கு நான் அன்று கூடாது என்றது இன்னொருவரை நினைத்துத்தான் என்று சொன்னால், அவனுக்கு அது என்னவாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லில் எழுதியிருப்பதை மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல நான் யார் என்று மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றேன். எனக்கென்னவோ, பல டாங்கிகளை அழித்தவரைவிட, நீ இரு நான் பார்க்கிறேன் என்றவரைத்தான் தெரியும்போல இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் வேறு ஆள். அக்காவுக்கும் வேறு ஆளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை.

"அந்த ஆளு நம்பர் ஒங்கிட்ட இருக்கில்லா? அவரு அன்னைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம ஊரு போய்ச் சேந்தாரா?"

"சேந்தாரு அக்கா. நான் பேசினேன்."

"நான் அப்பிடி கேட்டுருக்கப் பிடாது." என்றார். "அவர்ட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுவியா? அன்னைக்குக் காலைல அவன் எதாம் தின்னானா? வெறும் வயித்தோட போனானான்னு கேளு."

வேலூருக்குப் போன் போட்டேன். பெரியவர் உடனே சொன்னார். முந்தின நாளே பூரி சுட்டுப் பொட்டலம் கட்டி வண்டிக்குள் கொடுத்திருந்தார்களாம். விடியுமுன் எல்லோரும் அதைத்தான் பங்கிட்டுச் சாப்பிட்டார்களாம். சார் இரண்டு தின்றார், தொட்டுக்கொள்ள வெல்லம் இருந்தது என்றார்.

அக்காவைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன்.

"பூரியா?" என்றார். "அவனுக்குப் பூரி பிடிக்காதே."

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.